வண்டி எருமை வாங்கப் போகுமுன்
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் பேசியது)



பத்துக் குடும்பங்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் கிளைப் பெட்டியில் இருக்கிறது. சுற்றிலும் உள்ள சிறு தோட்டக்காரர்களின் செம்பனைக் குலைகளைச் சாலைக்குக் கொண்டுவந்து கூலி பெறுவதற்காக, வண்டி இழுக்கும் எருமைக்கடா ஒன்று வாங்கத் தீர்மானித்திருக்கிறோம். மழை நாளில் லோரி இறங்காத சரிவில் எருமை இறங்கும். கடா சரியாக அமையாவிட்டால் நஷ்டம் பத்து வீட்டு அடுப்பிலும் தெரியும்.

வெளியூர்த் தரகரிடம் போகலாம் என்றனர் சிலர். நமக்கு அது சரியாகப் படவில்லை. பக்கத்துக் கம்பத்தில் வளர்ந்த கடா நம் புல்லையும் வெயிலையும் அறிந்தது. லோரியில் நெடுந்தூரம் நின்று களைத்து வந்ததல்ல. விற்றவரை நாளைக்கும் பார்க்கலாம். ஆனால் தெரிந்தவராயிற்றே என்று பல்லைப் பிடித்துப் பார்க்காமல் திரும்பிவிடும் கூச்சம் நம்மவரிடம் உண்டு. முகதாட்சணியம் வண்டி இழுக்காது!

எருமைக்கு மேல்வாயில் முன்பற்கள் கிடையா, கீழ்வாயில் எட்டு. பால்பல் விழுந்து முதல் இணை முளைக்க ஏறத்தாழ 3 வயதாகும். எட்டும் நிறைய 5 அல்லது 6 வயதாகும். பசுமாட்டுக் கணக்கை எருமைக்குப் போட்டால் வயது தவறிப்போகும். பல் தேய்ந்து குட்டையாகியிருந்தால் விலை எவ்வளவு மலிந்தாலும் வேண்டாம்.

எருமை சேற்றில் புரளும் பிராணி. காய்ந்த சேற்றுக்கடியில் நுகப்புண் இருந்தால் கண்ணுக்குப் படாது. ஆகவே முதலில் குளிப்பாட்டச் சொல்லிப் பிறகு கழுத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். படுத்திருக்கும் கடாவை எழுப்பி, கெட்டித் தரையில் நடத்திப் பார்க்க வேண்டும். வாயில் எச்சில் ஒழுகிக் குளம்பிடுக்கில் புண்ணிருந்தால் கோமாரியாக இருக்கலாம், தொடாமல் திரும்பிவிடுவோம். கடைசியாக, பாரம் ஏற்றிய வண்டியில் பூட்டி மேடேற்றச் சொல்ல வேண்டும். வெறும் வண்டியை எந்தக் கடாவும் இழுக்கும்.

நம் பாட்டன்மார் ஊர்ச் சந்தைகளில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார்கள். அங்கே அது வழக்கம். இங்கே பணம் பத்துக் குடும்பத்துடையது. வாய்விட்டுப் பேசுவோம், எல்லார் காதிலும் விழட்டும். ஹஜ்ஜுப் பெருநாளையொட்டி மாடு, எருமை விலை ஏறும். அந்த வாரங்களில் அவசரப்பட வேண்டாம்.

மாநில எல்லை தாண்டிக் கொண்டுவருவதானால் கால்நடை இலாகாவின் அனுமதிச் சீட்டு வேண்டும். தடுப்பூசி விவரத்தையும் கேட்டு வாங்க வேண்டும்.

வாங்கிய பிறகும் ஒன்று உண்டு. எருமைக்கு வேர்வைச் சுரப்பிகள் குறைவு. உச்சி வெயிலில் வேலை வாங்கினால் விழுந்துவிடும். அதிகாலையில் பூட்டி, வெயில் ஏறுமுன் அவிழ்த்துக் குட்டையில் விட வேண்டும். குட்டை வெட்டுவது யார் என்பதை இன்றே முடிவு செய்துவிடுவோம்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கம்பத்துக்குப் புறப்படுகிறோம். பல் பார்க்கத் தெரிந்த பெரியவர் ஒருவரும், தண்ணீர் காட்டப்போகும் தாய்மார் இருவரும் கட்டாயம் வரவேண்டும். கிராணியார் தாளும் பேனாவும் கொண்டுவந்து, காதுவில்லை எண்ணையும் விலையையும் எழுதி இரு தரப்பிலும் கையெழுத்து வாங்குவார்.