குருட்டு வாய்ப்பும் நடுவுநிலைமையும்



திருவுளச் சீட்டுப் போட்டு ஒரு வழக்கைத் தீர்த்தால் அதில் ஓரவஞ்சனை இராது என்பது நம் நெடுநாளைய நம்பிக்கை. சீட்டுக்கு உற்றாரும் இல்லை, பகைவரும் இல்லை அன்றோ? அந்நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லும் என்பதை, இளைஞர் பலர் கணினியில் ஆடும் வியூக விளையாட்டுகளைக் கொண்டு சிறிது ஆராய்வோம்.

1991-ஆம் ஆண்டில் சிட் மையர், புரூஸ் ஷெல்லி என்னும் இருவர் அமைத்த 'சிவிலைசேஷன்' என்ற விளையாட்டு வெளிவந்தது. அதில் ஆடுவோர் நகரங்களை எழுப்பி நாடாளுதல் வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்திற்கும் புதியதோர் உலகைக் கணினியே வரைந்து தர வல்லது. கடல் எங்கே, மலை எங்கே என்பது எவருக்கும் முன்னதாகத் தெரியாது. அறியாத நிலத்தில் அடியெடுத்து வைக்கும் வியப்பே அவ்வாட்டத்தின் உயிர்.

கணினி உண்மையில் சீட்டுக் குலுக்குவதில்லை. 'வித்து' எனப்படும் ஓர் எண்ணிலிருந்து, திட்டமான கணக்கு முறையால், ஒழுங்கற்றவை போல் தோன்றும் எண்களை அது வரிசையாகப் பிறப்பிக்கின்றது. அதே வித்தை அதே முறையில் மீண்டும் இட்டால் அதே உலகமே முளைக்கும்.

இனி, ஒரு நிலப்படத்தை இரு பாதியாக்கி இருவருக்கு அளிப்பதாகக் கொள்வோம். பத்துப் பொற்சுரங்கங்கள் உள்ளன. ஒவ்வொன்றையும் எப்பாதியில் வைப்பது என்பதை நாணயம் சுண்டித் தீர்மானிப்போம். ஐந்துக்கு ஐந்தாக அமையும் என்று மனம் எதிர்பார்க்கும். கணக்கோ வேறு சொல்கின்றது. நிகழக்கூடிய 1,024 வகைகளுள் 252 வகைகளில் மட்டுமே சமபங்கு கிட்டும். 352 வகைகளில் ஒருவருக்கு ஏழோ அதற்கு மேலோ போய்ச் சேரும். நாணயத்தில் குற்றமில்லை. சுண்டுமுன் இருவரும் சமம்; சுண்டியபின் சமமல்லர்.

இக்குறையை விளையாட்டு அமைப்போர் இரு வழிகளில் தீர்த்தனர். 1998-இல் வெளிவந்த 'ஸ்டார்கிராஃப்ட்' போட்டிகளில், மனிதர் முன்கூட்டியே வரைந்த நிலப்படங்களையே பயன்படுத்துவர். அங்கே ஒருவர் பக்கமும் மற்றவர் பக்கமும் ஒத்திருக்கும். ஆயின் அறியாத நிலத்தின் வியப்பு இராது. 1999-இல் வந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் ஆட்டமோ நடுவழியைக் கண்டது. அதன் வழக்கமான நிலப்படங்களில், ஒவ்வொருவர் குடியிருப்பின் அருகிலும் பொன், கல், ஆடுகள் ஆகியவை ஒரே அளவில் வைக்கப்படுகின்றன. அவை எத்திசையில் கிடக்கும் என்பது மட்டும் வாய்ப்புக்கு விடப்படுகின்றது.

சமவாய்ப்பு வேறு, சமபங்கு வேறு என்பதே இதனால் நாம் அறிவது. ஆட்டத்தில் தோற்றவன் புதியதோர் உலகைக் கேட்டு வாங்கலாம். பள்ளியிடத்திற்கோ வீட்டிற்கோ சீட்டெடுத்தவனுக்கு மறு ஆட்டம் இல்லை. ஆதலின், குலுக்கல் நேர்மையாக நடந்ததா என்று கேட்பதோடு நாம் நின்றுவிடலாகாது. வெறுஞ்சீட்டை எடுத்தவன் வாழ்வதற்கு என்ன வைத்தோம் என்றும் கேட்டல் வேண்டும்.