பச்சைப் பிள்ளைக்கு வரும் வலிப்பு

பெடாஸ் வட்டாரத் தோட்டங்களில் வாழும் தாய்மார்களும் பாட்டிமார்களும் இன்று சற்றுக் காது கொடுத்துக் கேட்க வேண்டுகிறேன்.

வலிப்பு என்றால் கைகால் வெட்டி இழுக்கும், வாயில் நுரை தள்ளும் என்றே நாம் நினைத்திருக்கிறோம். பிறந்து ஒரு மாதம் ஆகாத பிள்ளைக்கு அது பெரும்பாலும் சத்தமில்லாமல் வரும். கண் ஒரே பக்கம் நிலைகுத்தி நிற்கும். பால் இல்லாமலே வாய் சப்புக்கொட்டும். கால்கள் சைக்கிள் மிதிப்பதுபோல ஓடும். ஒரு கை மட்டும் விட்டுவிட்டுத் துடிக்கும். மூச்சு நின்று உதடு நீலம் பாரிக்கும். "பிள்ளை விளையாடுகிறது" என்று நாம் சிரித்துவிட்டுப் போய்விடுவோம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

எல்லா நடுக்கமும் வலிப்பல்ல. நடுங்கும் கையை மெல்லப் பிடித்துப் பாருங்கள். நின்றுவிட்டால் அநேகமாக வெறும் நடுக்கம். அதையும் மிஸ்ஸியிடம் சொல்லுங்கள். பிடித்த பிறகும் துடித்தால் வலிப்பு என்றே எண்ணிப் புறப்படுங்கள்.

இது தோஷமல்ல, தாயின் குற்றமுமல்ல. பிரசவத்தின்போது மூளைக்குப் பிராணவாயு குறைந்திருக்கலாம். இரத்தத்தில் சர்க்கரையோ சுண்ணாம்புச் சத்தோ குறைந்திருக்கலாம். மூளை உறையில் கிருமி தாக்கியிருக்கலாம். மஞ்சள் காமாலை முற்றியிருக்கலாம். அந்நாளில் சுத்தமில்லாத கத்தியால் தொப்புள்கொடி அறுத்ததால் ரணஜன்னி கண்டு பிள்ளைகள் மாண்டன. கர்ப்பிணிகளுக்குப் போடும் தடுப்பூசியும் சுத்தமான பிரசவமும் அதை விரட்டின. இந்தியாவே 2015-ல் அந்த வெற்றியைக் கண்டது.

வலிப்புக் கண்டால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் பாலோ தண்ணீரோ மருந்தோ ஊற்றாதீர்கள். இறுக்கிப் பிடிக்காதீர்கள். சாவிக்கொத்தைக் கையில் திணிப்பதும், சூடு போடுவதும் வேண்டாம். கற்பூரத்தைக் குழைத்துப் பூசவே வேண்டாம். கற்பூரமே வலிப்பை உண்டாக்கும். எவ்வளவு நேரம் நீடித்தது என்று கடிகாரத்தைப் பாருங்கள். கைத்தொலைபேசியில் ஒருவர் படம் பிடித்தால் டாக்டருக்குப் பேருதவி. உடனே 999-ஐ அழையுங்கள். வலிப்பு தானாக நின்றுவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

அங்கே முதலில் சர்க்கரையைச் சோதிப்பார்கள். முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுக்க வேண்டும் என்றால் பயந்து மறுக்காதீர்கள். மூளை உறையில் கிருமி இருக்கிறதா என்று அதில்தான் தெரியும். சர்க்கரைக் குறைவை நேரத்தோடு சரிசெய்தால் பல பிள்ளைகள் நலமாகவே வளர்கிறார்கள். தாமதித்தால் மூளை கெடும்.

ஆகவே, பிள்ளை பிறந்ததும் சேனை வைக்காமல் சீம்பாலைக் கொடுங்கள். தொட்டிலை அடிக்கடி எட்டிப் பாருங்கள். சந்தேகம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.