நியூட்ரினோவின் நிறை ஏன் இத்துணைச் சிறிது?

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



அறிவியல் குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். கோலார் தங்க வயலிலிருந்து தொடங்குகிறேன். அச்சுரங்கங்களில் பாறை உடைத்தோருள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற நம் மக்களே. அவர்கள் வெட்டிய சுரங்கத்தில், ஏறத்தாழ 2,300 மீட்டர் ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் ஜப்பானிய, ஆங்கிலேய அறிஞர்களோடு கூடி ஆய்வு நடத்தினர். 1965-ஆம் ஆண்டு, வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடத்தை அங்குக் கண்டனர். பிற துகள்களைப் பாறை தடுத்து நிறுத்தும். நியூட்ரினோவோ ஊடுருவிச் செல்லும்.

இத்துகளுக்கு நிறையே இல்லை என்று நெடுங்காலம் கருதினர். 1998-இல் ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே ஆய்வகம், நியூட்ரினோ செல்லும் வழியிலேயே ஒரு வகையிலிருந்து மற்றொரு வகையாக மாறுவதைக் காட்டிற்று. நிறை அறவே இல்லையெனில் இம்மாற்றம் நிகழாது. ஆயினும் அந்நிறை, எலக்ட்ரானின் நிறையில் பத்து லட்சத்தில் ஒரு பங்கினும் குறைவு.

காரணம் யாது? 1977-இல் பீட்டர் மின்கோவ்ஸ்கியும், அடுத்த சில ஆண்டுகளில் யனகிடா, ஒடிசாவில் பிறந்த இரவீந்திர மகாபாத்ரா முதலியோரும் ஒரு விளக்கம் தந்தனர். அதன் பெயர் 'சீசா' முறை. பள்ளி விளையாட்டுத் திடலிலுள்ள சீசாப் பலகையில் ஒரு முனை தாழ்ந்தால் மறுமுனை உயரும் அன்றோ? அதுபோல, நியூட்ரினோவுக்கு மிகக் கனத்த துணைத்துகள் ஒன்று உண்டெனில், அதன் கனம் கூடக்கூட நியூட்ரினோவின் நிறை குறையும். பிற துகள்கள் பெறும் நிறையின் வர்க்கத்தை அப்பெருநிறையால் வகுத்தால் நியூட்ரினோவின் நிறை கிடைக்கும். முன்னது பத்தாயிரம் கோடி எலக்ட்ரான் வோல்ட். பின்னது புரோட்டானைப் போல் கோடி கோடி மடங்கு எனக் கொள்ளுங்கள். விடை ஏறத்தாழ 0.1 எலக்ட்ரான் வோல்ட். ஆய்வுகள் சுட்டும் அளவும் இதற்கு அண்மையதே.

எனினும் இது மெய்ப்பிக்கப்படவில்லை. அத்துணைக் கனத்த துகளை எந்த எந்திரமும் படைக்க இயலாது. நியூட்ரினோவும் அதன் எதிர்த்துகளும் ஒன்றே எனக் காட்டும் அரிய கதிரியக்கச் சிதைவு ஒன்றைத் தேடி வருகின்றனர். அது கிட்டினால் இவ்விளக்கம் வலுப்பெறும். இன்னும் கிட்டவில்லை.

அழகிய கருத்து என்பதால் ஒன்று உண்மையாகிவிடாது. பேரறிஞர் கூற்று என்பதாலும் ஆகிவிடாது. "பெரியோர் சொன்னார், வினவாதே" என்ற கட்டளையால் தலைமுறை தலைமுறையாய்த் துன்புற்ற நாம் இதனை நன்கறிவோம்.

இளைஞர்களே! நம் பாட்டனார் கையில் கடப்பாரையைத் தந்தனர்; கணிதத்தைத் தரவில்லை. அக்குறை தீர்க்கவே இக்கழகம் 25 ஆண்டுகளாய் உழைக்கிறது. கணிதத்திற்கும் இயற்பியலுக்கும் அஞ்சி ஒதுங்காதீர். விடை காணப்படாத வினா இதோ நிற்கிறது. அதனைக் காண்போருள் நம் பிள்ளைகளும் இருத்தல் வேண்டும்.