பல பூட்டுக்கு ஒரு சாவி



உங்கள் வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முன்கதவுக்கு ஒன்று, அடுப்படிக் கதவுக்கு ஒன்று, குளியலறைப் பக்கக் கதவுக்கு ஒன்று, கோழிக் கூண்டுக்கும் சைக்கிள் கொட்டகைக்கும் ஒவ்வொன்று என்று ஐந்தாறு சாவிகளாவது இருக்கும். விடியுமுன், இருட்டில், பால் வெட்டப் புறப்படும் அவசரத்தில் அதிலே சரியான சாவியைத் தேடுவது எவ்வளவு சிரமம் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் வகுப்புக்கு வரும் சிறு பெண் ஒருத்தி கழுத்தில் நான்கு சாவிகளைக் கயிற்றில் கோத்து மாட்டிக்கொண்டு வருவாள். பள்ளி விட்டுப் போனதும் தம்பிக்குச் சோறு போட வேண்டியவள் அவள்தான். நான்கில் எது எந்தக் கதவுக்கு என்று அவளுக்கே சில நாள் குழப்பம்.

இந்த நான்கையும் ஒரே சாவியாக்க முடியுமா? முடியும். ஆனால் எல்லாப் பூட்டிலும் முடியாது. ஏன் என்று தெரிந்துகொள்ளப் பூட்டின் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

சாவியின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். மேடும் பள்ளமுமாக இருக்கிறதல்லவா? பூட்டுக்குள் சாவி நுழையும் உருளை ஒன்று உண்டு. அதன் மேல் வரிசையாக ஐந்து துளைகள், சிலவற்றில் ஆறு. ஒவ்வொரு துளையிலும் இரண்டு சிறு பித்தளைக் குச்சிகள், ஒன்றின் மேல் ஒன்று. மேலேயுள்ள சுருள்கம்பி அவற்றைக் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். மேல்குச்சி உருளைக்குள் பாதி, வெளிக்கூட்டுக்குள் பாதியாகக் குறுக்கே நிற்பதால் உருளை திரும்பாது.

பள்ளிக்கூடத்து உதாரணம் ஒன்று சொல்கிறேன். உயரம் வேறுபட்ட ஐந்து பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, எல்லார் தலையும் ஒரே மட்டத்தில் வரவேண்டும் என்றால் என்ன செய்வோம்? குட்டைப் பிள்ளைக்கு உயரமான பலகை, நெட்டைப் பிள்ளைக்குத் தாழ்ந்த பலகை போடுவோம். கீழ்க்குச்சிகள்தாம் அந்தப் பிள்ளைகள். சாவியின் மேடு பள்ளந்தான் பலகைகள். நீளக் குச்சிக்குப் பள்ளம், குட்டைக் குச்சிக்கு மேடு. ஐந்து தலையும் உருளையின் விளிம்போடு சமமாக வந்துவிட்டால் பூட்டு திரும்பும். ஒன்று தவறினாலும் திரும்பாது. ஒவ்வொரு குச்சிக்கும் ஆறு உயரம் என்று வைத்துக்கொண்டால், ஐந்து குச்சிக்கு 7,776 விதச் சாவி கணக்கில் வரும். பெரிய பிள்ளைகள் ஆறை ஐந்து முறை பெருக்கிப் பார்க்கட்டும். விழும் குச்சிகளால் பூட்டும் முறை மரப்பூட்டாகப் பழைய எகிப்திலேயே இருந்தது. அதை இந்தச் சிறிய உலோக உருளையாக்கி 1860-களில் காப்புரிமை பெற்றவர் அமெரிக்கரான லைனஸ் யேல்.

இப்போது விடை உங்களுக்கே தெரிந்திருக்கும். அடுப்படிப் பூட்டின் கீழ்க்குச்சிகளை எடுத்துவிட்டு, முன்கதவுச் சாவிக்குப் பொருந்தும் உயரமுள்ள குச்சிகளைப் போட்டுவிட்டால், முன்கதவுச் சாவியே அதையும் திறக்கும். சாவியை வெட்டுவதில்லை, பூட்டைத்தான் மாற்றுகிறோம். பட்டணத்தில் சாவி வெட்டுபவரிடம், "இந்தச் சாவிக்கு இந்தப் பூட்டுகளையெல்லாம் மாற்றிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். பூட்டோடு அதன் பழைய சாவியையும் கொண்டுபோங்கள். அது இருந்தால் உருளையைக் கழற்றுவது அவருக்கு எளிது. நீங்களே கழற்றிப் பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். சுருள்கம்பி தெறித்துக் குச்சிகள் தரையில் உருண்டால், அவற்றைத் தேடி வரிசைப்படுத்துவது பெரும்பாடு.

போகுமுன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். முன்கதவுச் சாவியை மற்றப் பூட்டுகளில் நுழைத்துப் பாருங்கள். முழுதும் உள்ளே போகிறது, திரும்பமட்டும் மறுக்கிறது என்றால் பெரும்பாலும் மாற்ற முடியும். உள்ளே நுழையவே இல்லையென்றால் துவாரத்தின் வடிவமே வேறு. எந்தக் குச்சி போட்டும் பயனில்லை. உடம்பை அடித்து இறுக்கிய மலிவான தொங்குபூட்டுகளையும் பிரிக்க இயலாது. அத்தகைய பூட்டுகளுக்குப் பணம் செலவழிப்பதைவிட, ஒரே சாவிக்கு என்று தொகுதியாக விற்கும் மூன்று நான்கு பூட்டுகளைப் புதிதாக வாங்குவதே மேல். கடைக்காரரிடம் "ஒரே சாவிப் பூட்டு" என்று கேட்டு, ஒவ்வொன்றையும் அங்கேயே பூட்டித் திறந்து பார்த்து வாங்குங்கள்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. சாவி ஒன்று தொலைந்தால் எல்லாக் கதவும் திறந்த கதவுதான். அப்படித் தொலைந்தால் சம்பள நாள்வரை பொறுத்திருக்காமல் எல்லாப் பூட்டிலும் குச்சிகளை மாற்றியாக வேண்டும். ஆகவே பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு, நகை இருக்கும் அலமாரியை இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். அதற்குத் தனிச் சாவி, அது தாயிடமோ தகப்பனிடமோ மட்டும். வீட்டுக் கதவுச் சாவியில் ஒன்று அடுத்த வீட்டு அக்காளிடம் இருக்கட்டும்.

அடுத்த வீட்டில் ஏன் என்று கேட்பீர்கள். சிறு குழந்தைகளை உள்ளே விட்டு வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போகிற குடும்பங்கள் இருக்கின்றன. வேறு வழியில்லாமல் செய்கிறார்கள் என்பது தெரிந்தும், அது கூடாது என்றே சொல்வேன். அடுப்பில் தீ பற்றினால் உள்ளேயிருக்கும் பிள்ளையால் கதவைத் திறக்க முடியாது. வெளியே நிற்பவர் ஐந்து சாவியைச் சோதித்துக்கொண்டிருக்க நேரமும் இருக்காது. குழந்தையைப் பாட்டியிடமோ ஆயாவிடமோ ஒப்படையுங்கள். நீங்கள் வீட்டில் இருக்கும் இரவிலும், தொங்குபூட்டை வெளிக் கொண்டியில் திறந்தபடி தொங்கவிடாதீர்கள். யார் வேண்டுமானாலும் உங்களை உள்ளே வைத்துப் பூட்டிவிடலாம். உள்ளே எடுத்து வையுங்கள். இரவில் கதவுக்குச் சாவியில்லாமல் உள்ளிருந்து திறக்கும் தாழ்ப்பாளே போதும்.

கடைசியாக, பூட்டு இறுகினால் தேங்காயெண்ணெய் விடாதீர்கள். எண்ணெயில் தூசி ஒட்டிக் குச்சிகள் எழும்பாமல் போகும். பிள்ளைகளின் பென்சில் முனையைச் சீவி, அந்தக் கருந்தூளைச் சாவியின் பள்ளங்களில் தடவி நான்கைந்து முறை நுழைத்து எடுங்கள். புதுப் பூட்டோடு வரும் தகட்டில் சாவி எண் இருந்தால், அதைக் குடும்பக் கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, தகட்டைச் சாவியிலிருந்து கழற்றிவிடுங்கள். அந்த எண்ணைக் கொண்டே வேறு சாவி வெட்டிவிட முடியும்.