நிரப்பாமல் விட்ட கட்டம்

(கிண்டிப் பொறியியற் கல்லூரி முன்னாள் மாணவர் சந்திப்பின் இரண்டாம் நாள் மாலை நிகழ்த்திய உரை)

 

எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் பேசியவர்களில் ஒருவர் பாலம் கட்டியவர். இன்னொருவர் அயல்நாட்டில் நிறுவனம் நடத்துகிறார். மூன்றாமவர் மின் உற்பத்தியில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். நான் குரோம்பேட்டையில் என் வீட்டு முன்னறையில் பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுக்கிறவள். "நேத்து என்கிட்ட சொன்னதை அப்படியே மேடையில சொல்லுடீ, போதும்" என்று என் தோழி பிடித்துத் தள்ளியதால் இங்கே நிற்கிறேன். ஆகவே சாதனை எதுவும் சொல்லப் போவதில்லை. இந்த இரண்டு நாளில் கேட்ட ஒரு சொற்பொழிவையும், நடந்த ஒரு நடையையும் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

நேற்றுக் காலை நில அளவை பற்றி ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் பேசினார். நான் எலெக்ட்ரிகல். நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். அவர் ஒரு பழைய அளவைச் சங்கிலியை எடுத்து மேசைமேல் போட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்டதுமே சிவில்காரர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வெயிலில் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் அல்லவா!

இந்தக் கல்லூரியே அந்தச் சங்கிலியிலிருந்து பிறந்ததுதான் என்றார் அவர். 1794-இல் மைக்கேல் டாப்பிங் என்பவரின் முயற்சியால் கோட்டைப் பக்கத்தில் ஒரு நில அளவைப் பள்ளியாக இது தொடங்கியது. முதலில் சேர்ந்த மாணவர்கள் 8 பேர். எட்டே பேர்! 1859-இல் அது பொறியியற் கல்லூரியானது. 1920-இல்தான் கிண்டியில் இந்தச் சிவப்புக் கட்டடத்துக்கு வந்தது. 1978-இல் பல்கலைக்கழகத்தின் அங்கமானது. நான் 1980-இல், பிளஸ் டூ முடித்த முதல் அணியில் ஒருத்தியாகச் சேர்ந்தேன்.

பிறகு லாம்ப்டனின் கதையைச் சொன்னார். 1802 ஏப்ரலில், இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பறங்கிமலைப் பக்கத்தில்தான் அவர் தம் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் நீளம். எஃகுச் சங்கிலியை வைத்து வைத்து எடுத்து, 57 நாள் அளந்தார்கள். சித்திரை, வைகாசி வெயிலில்! அந்த ஒரு கோட்டின்மேல் முக்கோணம் முக்கோணமாக எழுப்பித்தான் பின்னால் இமயமலை வரைக்கும் இந்த நாட்டை அளந்தார்கள். முதல் கோட்டில் ஓர் அங்குலம் பிசகினாலும் அந்தப் பிசகு மேலே போகப்போகப் பெருகும். அதனால்தான் 57 நாள்.

கடைசியாக அவர் சொன்ன ஒரு விஷயம் என் மனசில் ஒட்டிக்கொண்டது. ஒரு நிலத்தைச் சுற்றி அளந்துகொண்டு போகிறவர் புறப்பட்ட புள்ளிக்கே திரும்பி வரவேண்டும். வந்து பார்த்தால் கணக்குப்படி வரவேண்டிய இடத்துக்கும் வந்து சேர்ந்த இடத்துக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். எப்போதும் இருக்கும். அதற்கு 'குளோசிங் எர்ரர்' என்று பெயர். அந்தப் பிழையைக் கடைசிக் கோட்டின் தலையில் மட்டும் கட்டக்கூடாது. எல்லாக் கோட்டுக்கும் அதனதன் அளவுக்குப் பகிர்ந்து கொடுக்கவேண்டும் என்றார். "திரும்பி வராதவனுக்குத் தன் பிழை எவ்வளவுன்னே தெரியாது" என்று சொல்லி முடித்தார்.

நான் நாற்பது வருஷம் திரும்பி வராதவள். கேட்டதும் சுருக்கென்றது.

நேற்று மாலை வளாகத்தைச் சுற்றிப் பார்க்கும் நடை. பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மாணவரை வழிகாட்டியாகக் கொடுத்தார்கள். எங்களுக்கு வந்தது மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண். தருமபுரிப் பக்கம். வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள். மணிக்கூண்டுக்குக் கீழே எங்களை நிறுத்தி, குரல் கொஞ்சம் நடுங்க ஆரம்பித்தாள். இரண்டு நிமிடத்தில் நடுக்கம் போய்விட்டது. பிறகு எங்களால் அவளை நிறுத்த முடியவில்லை.

சிவப்புக் கட்டடத்தின் வராந்தாவில் வைத்து அவள் சொன்னதுதான் அ. லலிதாவின் கதை. உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். நாலு வருஷம் இதே வராந்தாவில் நடந்தும் எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை, அதனால் தெரியவில்லை. யார் மேலும் குற்றமில்லை.

லலிதா 1919-இல் சென்னையில் பிறந்தவர். 15 வயதில் கல்யாணம். 18 வயதில் கணவர் இறந்துபோனார். அப்போது கையில் 4 மாதப் பெண் குழந்தை. அந்தக் காலத்தில் அப்படி ஒரு பெண்ணுக்கு வீட்டில் எந்த மூலை ஒதுக்கப்படும் என்று நம் பாட்டிமார்களைக் கேட்டால் தெரியும். லலிதாவின் தந்தை பப்பு சுப்பாராவ் இந்தக் கல்லூரியில் மின் பொறியியல் பேராசிரியர். மகளை மூலையில் உட்காரவைக்க அவருக்கு மனமில்லை. கல்லூரி முதல்வர் சாக்கோவிடம் பேசி, கல்வித்துறை இயக்குநரின் அனுமதியும் வாங்கி, 1940-இல் சேர்த்தார். அத்தனை ஆண்களுக்கு நடுவில் ஒரே ஒரு பெண். தனியாக இருக்கிறாரே என்று, பெண்களும் சேரலாம் எனக் கல்லூரி விளம்பரம் கொடுத்தது. அதைப் பார்த்து லீலாம்மா ஜார்ஜும், பி. கே. திரேசியாவும் சிவில் பிரிவில் சேர்ந்தார்கள். திரேசியா பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார். லலிதா 1943-இல் பட்டம் பெற்றார். அவருடைய சான்றிதழில் 'அவன்' என்று ஆங்கிலத்தில் அச்சாகி இருந்ததை அடித்துவிட்டு 'அவள்' என்று திருத்திக் கொடுத்தார்களாம்.

இந்த இடத்தில் எல்லோரும் கைதட்டினோம். அந்தப் பெண் அதோடு விடவில்லை. "மேடம், அதுக்கப்புறமும் அவங்களுக்கு நேர்கோடா போகலை" என்றாள். ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் ஒரு வருஷப் பயிற்சி. பிறகு சிம்லாவில் தர நிர்ணய அலுவலகம். அதை விட்டுவிட்டுக் கொஞ்ச காலம் அப்பாவின் ஆராய்ச்சிக்கு உதவி. பண நெருக்கடி வந்ததும் கல்கத்தாவில் ஒரு நிறுவனத்தில் வேலை. அங்கேதான் மின்கடத்துக் கம்பிப் பாதைகளையும் துணைமின் நிலையங்களையும் வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணைக்கான மின் வேலையிலும் அவர் பங்கு உண்டு. 1964-இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர், விஞ்ஞானிகளின் முதல் உலக மாநாட்டுக்குப் போனார். அத்தனைக்கும் நடுவில் மகள் சியாமளாவை வளர்த்தார். 1979-இல் மறைந்தார். அதாவது நான் இங்கே சேர்வதற்கு ஒரு வருஷம் முன்னால்.

சொல்லி முடித்துவிட்டு அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, வெள்ளந்தியாகக் கேட்டாள்: "மேடம், நீங்களும் ட்ரிபிள்-ஈ தானே? நீங்க எங்க ஒர்க் பண்ணீங்க?"

நான் நாற்பது வருஷமாக இங்கே வராததற்குக் காரணமே அந்தக் கேள்விதான்.

ஒவ்வொரு முறையும் அழைப்பிதழ் வரும். கூடவே ஒரு படிவம். பெயர், முடித்த ஆண்டு, பிரிவு, முகவரி எல்லாம் நிரப்புவேன். 'தற்போதைய பதவி' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிடும். படிவத்தை மடித்து பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துவிடுவேன். கேட்பவர்களிடம் "அன்னிக்கு ஒரு கல்யாணம் இருக்கு" என்பேன். அத்தனை கல்யாணம் எங்கள் குடும்பத்தில் நடந்ததே இல்லை!

நடந்தது இதுதான். 1984-இல் ஸ்விட்ச்கியர் செய்யும் ஒரு தனியார் தொழிற்சாலையில் சேர்ந்தேன். எட்டு வருஷம் நல்ல வேலை. என் மகனுக்கு இரண்டு வயதாகும்போதுதான் அவனுக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்தது. தினமும் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போகவேண்டும்; அம்மாவும் கூடவே உட்கார்ந்து கற்றுக்கொண்டு வீட்டில் சொல்லித்தர வேண்டும் என்றார்கள். 1992-இல் வேலையை விட்டேன். 'பட்டத்தைத் தூக்கிப் பரண்மேல போட்டாச்சு' என்று அன்றைக்கு ஒரு சொந்தக்காரர் சொன்னார். அதை நானும் நம்பிவிட்டேன்.

அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல், "ஒரு பயிற்சி நிலையத்து வராந்தாவில ஒர்க் பண்ணேம்மா" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. சொன்னேன்.

அப்போதெல்லாம் காது கருவி நெஞ்சில் ஒரு பெட்டியும், அதிலிருந்து காதுக்குப் போகும் மெல்லிய வயருமாக இருக்கும். பிள்ளைகள் ஓடி ஆடும்போது அந்த வயர் அறுந்துகொண்டே இருக்கும். அறுந்தால் பிள்ளைக்கு அன்றைக்குப் பயிற்சி இல்லை. புது வயர் வாங்கப் பாதிப் பேருக்கு வசதி கிடையாது. நான் ஒரு சால்டரிங் அயர்னையும் மல்டிமீட்டரையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தேன். முதலில் என் மகனுடையது. பிறகு பக்கத்து அம்மா தயங்கித் தயங்கித் தன் பிள்ளையின் கருவியை நீட்டினார். அப்புறம் தினமும் மூன்று நாலு. வயரா, பேட்டரி முனையா, மைக்கா என்று பிரித்துப் பார்த்துப் பழுது கண்டுபிடிக்கிற முறையை இங்கே ஆய்வகத்தில்தான் படித்தேன். ஒன்பது வருஷம் அந்த வராந்தாவில் செய்தேன். சம்பளம் கிடையாது. பதவிப் பெயரும் கிடையாது. என் மகன் இப்போது ஒரு வரைபட அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். நன்றாகவே பேசுகிறான், எதிர்த்தும் பேசுகிறான்!

கேட்டுவிட்டு அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வேலைய விட்டதுக்கு வருத்தப்பட்டீங்களா மேடம்?" என்றாள். மேடையில் சொல்வதற்கென்று மழுப்பாமல், அவளிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். ஆமாம், வருத்தப்பட்டேன். என்னோடு சேர்ந்தவர்கள் மேலே போகப்போக ரொம்ப வருத்தப்பட்டேன். பிள்ளைக்காக விட்டது தப்பென்று ஒருநாளும் நினைக்கவில்லை. அவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகாவது திரும்ப முயற்சி செய்யாமல் விட்டேனே, அது என் தப்பு. வேலை போனதோடு படிப்பும் போய்விட்டது, நண்பர்களும் போய்விட்டார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேனே, அது அதைவிடப் பெரிய தப்பு. லலிதாவின் கதை அன்றைக்கே எனக்குத் தெரிந்திருந்தால், விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம் என்றாவது தோன்றியிருக்கும்.

அதற்குப் பிறகு நடையின் பாதிக்கு நான்தான் வழிகாட்டி. மெஷின்ஸ் ஆய்வகத்தில் மோட்டாரைச் சுழலவிடும் முன் ஆய்வக உதவியாளர் எங்களைப் பார்த்து, "பின்னலை முடிஞ்சுக்கோங்கம்மா, தாவணியை இழுத்துச் செருகிக்கோங்க" என்று சொன்ன இடத்தைக் காட்டினேன். மினி டிராஃப்டரைத் தூக்கிக்கொண்டு மீட்டர் கேஜ் மின்சார ரயிலில் வந்து இறங்கி ஓடிவந்த வழியைக் காட்டினேன். அந்தப் பெண் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். 1794 அவளுக்குத் தெரிந்திருந்தது. 1980 தெரியாது. அதை நாம்தான் சொல்லவேண்டும்.

சங்கத்தாருக்கு இரண்டு வேண்டுகோள். முதலாவது: இந்த நடையில் முதல் பாதியை மாணவர் நடத்தட்டும், மறுபாதியைப் பழைய மாணவர் நடத்தட்டும், ஒரு நோட்டும் கூடவே போகட்டும். ஆய்வக உதவியாளர்கள், விடுதிச் சமையற்காரர்கள் பெயரெல்லாம் நம் தலைமுறையோடு போய்விடக்கூடாது. இரண்டாவது: சொற்பொழிவுகளில் ஒரு மணி நேரம், பாதியில் விட்டவர்களுக்கும், விட்டுத் திரும்பி வந்தவர்களுக்கும், வேறு வழி போனவர்களுக்கும் கொடுங்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலருக்கு வாழ்க்கை அப்படித்தான் அமையப் போகிறது. அவர்கள் அதைப் பயப்படாமல் சந்திக்கவேண்டும்.

தம்பி தங்கையரே, உங்கள் கோடு வளைந்தால் பிழையை ஒரே இடத்தில் தேடாதீர்கள். கல்லூரிப் பக்கம் வருவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

எங்கள் வகுப்பில் ஏழு பெண்கள். இன்று வந்திருப்பது நாலு பேர். மற்ற மூன்று பேரும் இந்த மலரை வீட்டில் உட்கார்ந்து படிப்பார்கள் என்று நினைக்கிறேன். அவர்களுக்கு ஒரு வார்த்தை. படிவம் உங்கள் பீரோவிலும் இருக்கும், எடுங்கள். அந்தக் கட்டத்தை நிரப்பவேண்டியதில்லை. அடுத்த முறை அப்படியே கொண்டு வாருங்கள். மணிக்கூண்டுக்குக் கீழே நான் நிற்பேன். சேர்ந்தே நடக்கலாம்.