கோல் கம்பங்களுக்கு நடுவே ஒரு தங்கராஜ்

பீட்டர் தங்கராஜ் 1935 டிசம்பர் 24 அன்று ஹைதராபாத்தில் பிறந்தவர். இந்தியக் கால்பந்தின் பொற்காலத்தில் கோல் காத்தவர். மெல்போர்ன் 1956, ரோம் 1960 என்று இரண்டு ஒலிம்பிக். 1962இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கம். 1967இல் அர்ஜுனா விருது. இத்தனையும் ஒரே மனிதர் கணக்கில் இருக்கிறது. அந்த மனிதர் பெயரோ தமிழ்ப் பெயர். தென்காசியிலும் செங்கோட்டையிலும் பந்து உதைக்கும் பிள்ளைகளுக்கு மெஸ்ஸியைத் தெரியும், இத்தாலியின் கோல்கீப்பர் பஃபனையும் தெரியும். தங்கராஜைத் தெரியாது. குற்றம் பிள்ளைகள் மேல் இல்லை, சொல்லிக் கொடுக்காதவர்கள் மேல்.

செகந்தராபாத்தின் சிறு கிளப்புகளில் ஆடத் தொடங்கிய தங்கராஜ், 1953இல் நீலகிரியின் வெலிங்டனில் உள்ள ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் சேர்ந்தார். முதலில் அவர் ஆடியது சென்டர் ஃபார்வர்டாக; கைதட்டு முழுக்கக் கிடைக்கிற இடம் அது. அதை விட்டு கோல் கம்பங்களுக்கு நடுவே வந்தார். பள்ளி அணிகளில் இன்றைக்கும் என்ன நடக்கிறது? ஓட முடியாத பையன், கடைசியாக மிஞ்சிய பையன், "நீ போய் கோலில் நில்லுடா" என்று அனுப்பப்படுகிறான். ஜெயித்தால் அவன் பெயரை யாரும் சொல்வதில்லை. தோற்றால் அவன் பெயர் மட்டும்தான். ஆறடிக்கு மேல் உயரமும் கோல் அடிக்கும் திறமையும் இருந்த ஒருவர் அந்த இடத்தை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையை வென்றது. 1960இல் சர்வீசஸ் அணிக்குத் தலைவராக இருந்து சந்தோஷ் கோப்பையை வாங்கிக் கொடுத்தார்.

கோலின் அகலம் 24 அடி, உயரம் 8 அடி. பெனால்டி என்றால் பந்து 36 அடி தூரத்தில் இருந்து வரும். அதற்கு நடுவில் ஓர் ஆள். இன்றைய கையுறை அன்று இல்லை. தையல் போட்ட தோல் பந்து மழையில் நனைந்தால் தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகும். ஆனியிலும் ஆடியிலும் குற்றாலச் சாரல் தென்காசி வரைக்கும் வந்து விழும்போது மைதானத்தில் நிற்கிற கோல்கீப்பருக்கு இது புரியும். பந்தைப் பிடித்தோம் என்று நினைப்பான், அது விரல் இடுக்கில் நழுவி நெஞ்சில் மோதும். கல்கத்தாவின் மழைக்கால லீக்கில், சேற்றிலும் வழுக்கலிலும், முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று மூன்று பெரிய கிளப்புகளுக்கும் கோல் காத்தார் தங்கராஜ். ஒன்றுக்கொன்று பரம வைரிகளான மூன்றும் ஒரே ஆளைத் தேடி வந்தன என்றால், அதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்ற நாடு, நான்கே ஆண்டில் மெல்போர்னில் நான்காம் இடம் பிடித்தது. அந்த அணியில் தங்கராஜ் இருந்தார். 1958இல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1960இல் இத்தாலி மண்ணில் ஹங்கேரியிடம் 2-1 என்ற கணக்கில்தான் இந்தியா தோற்றது. அதே ஹங்கேரிதான் பிறகு இத்தாலியையே வென்று வெண்கலம் எடுத்தது. பிரான்சோடு 1-1 சமன். "நம்ம ஊருக்குக் கால்பந்து சரிப்படாது" என்று மேடை தோறும் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை படிக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது ஜகார்த்தா. 1962 செப்டம்பர் 4, தென்கொரியாவோடு இறுதிப் போட்டி. குழு ஆட்டத்தில் இதே கொரியா இந்தியாவை 2-0 என்று அடித்திருந்தது. தைவானையும் இஸ்ரேலையும் விளையாட்டில் சேர்க்காத விவகாரத்தில் இந்தியப் பிரதிநிதி ஒருவர் பேசிய பேச்சால் ஊரே கொதித்துக் கிடந்தது. செனயான் அரங்கில் லட்சம் பேர், பெரும்பாலோர் இந்தியாவுக்கு எதிராக. தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங் தலையில் தையல். அப்படியும் அவரை முன்வரிசையில் நிறுத்தினார் பயிற்சியாளர் ரஹீம். தங்கராஜோ காய்ச்சலில் படுத்து எழுந்தவர். இடையில் கோல் காத்தவர் பிரத்யுத் பர்மன். பர்மனும் சளைத்தவர் இல்லை. ஆனாலும் உயரப் பந்து போட்டு அடிக்கிற கொரியாவுக்கு எதிராக ரஹீம் கை நீட்டியது உயரமான தங்கராஜைத்தான். பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று என்று முதல் பாதியிலேயே இரண்டு கோல். அதற்குப் பிறகு வந்து குவிந்த கிராஸ் பந்துகளைக் கூட்டத்துக்கு மேலே எழும்பித் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார் அந்தக் காய்ச்சல்காரர். கடைசி நிமிடங்களில் ஒன்றே ஒன்றுதான் உள்ளே போனது. இந்தியா 2, கொரியா 1. அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டில் இந்தியா கால்பந்துத் தங்கம் வாங்கியதே இல்லை.

கோல் அடித்த இருவர் பெயரும் ஏடுகளில் இருக்கிறது. அடிக்க விடாமல் காத்தவர் பெயர் அடிக்குறிப்பில் கிடக்கிறது. இத்தாலியில் டினோ சோஃப் 40 வயதில், 1982இல், அணித்தலைவராக நின்று உலகக் கோப்பையைத் தூக்கினார்; கோல்கீப்பர் என்பதற்காக அந்த நாடு அவரைப் பின்வரிசைக்குத் தள்ளவில்லை.

1970களின் தொடக்கத்தில் ஆட்டத்தை விட்ட தங்கராஜ் பயிற்சியாளரானார். பொகாரோ எஃகு ஆலையின் கால்பந்து மையத்தில் பல ஆண்டுகள் பிள்ளைகளை உருவாக்கினார். 2008 நவம்பர் 24 அன்று பொகாரோவிலேயே காலமானார். பிறந்தது ஹைதராபாத், பட்டாளம் வெலிங்டன், புகழ் கல்கத்தா, முடிவு பொகாரோ. எந்த ஊரும் அவரை முழுதாகத் தன்னவர் என்று கொண்டாடவில்லை.

எந்த ஊரும் செலுத்தாத அந்த மரியாதைக் கடனை 2019இல் பிறந்த தென்காசி மாவட்டம் அடைக்கலாம். குற்றாலத்தில் ஆண்டுதோறும் நடக்கிற சாரல் திருவிழாவில் பள்ளி அணிகளுக்கு ஒரு கால்பந்துப் போட்டி வைக்க வேண்டும்; அதில் சிறந்த கோல்கீப்பருக்குத் தரும் கோப்பைக்கு பீட்டர் தங்கராஜ் என்று பெயர் சூட்ட வேண்டும். ஊர்ப் பெரியவர்களிடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் என் கோரிக்கை அது ஒன்றுதான்.