திருநங்கையரின் சினேகிதர்கள் யார்?

(பொதுக்கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், திருநங்கையருக்கும் திருநம்பியருக்கும் அரசியல்வாதிகள் கொடுத்து வரும் வாக்குறுதியைப் பற்றியதாகும். அவர்களும் மனிதர்கள்தானா, அவர்களுக்கு உரிமை உண்டா என்று வாதாட நாம் இங்கு வரவில்லை. அந்த வழக்கு 2014-ம் வருஷத்திலேயே தீர்ந்து போய்விட்டது. அவ்வருஷம் ஏப்ரல் 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் ராதாகிருஷ்ணன், சிக்ரி ஆகிய இருவரும், ஒருவர் ஆணா, பெண்ணா, மூன்றாம் பாலா என்பதை அவரவரே சொல்ல வேண்டியதென்றும், அதற்காக ஆபரேஷன் செய்துகொண்டு வா என்று எவரும் கட்டாயப்படுத்தக் கூடாதென்றும், படிப்பிலும் உத்தியோகத்திலும் அவர்களுக்கு இடம் ஒதுக்க வேண்டுமென்றும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். ஆகவே நாம் இப்பொழுது கேட்பதெல்லாம், சினேகிதர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள் அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் என்பதேயாகும்.

விரோதிகளைப் பற்றி நமக்கு அவ்வளவு கவலையில்லை. பாதி ஆணும் பாதி பெண்ணுமான சாமிக்குக் கற்பூரம் கொளுத்திக் கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்து, வீட்டு வாசலில் ஒரு திருநங்கை வாடகைக்கு இடம் கேட்டால் கதவைச் சாத்துகிறவனை ஊருக்கே தெரியும். மேடையில் மாலை போட்டு, படம் பிடித்துக்கொண்டு, ஓட்டெடுக்கும் வேளையில் காணாமற்போகிறவரைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

2015-ம் வருஷம் ஏப்ரல் 24-ந் தேதி, ராஜ்ய சபையில் திருச்சி சிவா அவர்கள் கொண்டுவந்த மசோதா ஏகமனதாக நிறைவேறிற்று. மந்திரியாயில்லாத ஒரு தனி அங்கத்தினர் கொண்டுவரும் மசோதா நிறைவேறுவது எவ்வளவு அபூர்வம் என்பது சட்டசபை நடவடிக்கைகளைக் கவனித்து வருகிறவர்களுக்குத் தெரியும். அதில் படிப்பிலும் சர்க்கார் உத்தியோகத்திலும் 2 சதவீத இடமும், குறை கேட்கக் கமிஷனும், விசாரிக்கத் தனிக் கோர்ட்டும் இருந்தன. எதிர்த்து ஒருவரும் ஓட்டுக் கேட்கவில்லை. எல்லாக் கட்சியாரும் சினேகிதர்களாகி விட்டார்கள். தோழர்களே! எண்ணாமல் எடுக்கும் ஓட்டில் சினேகிதராயிருப்பதற்கு என்ன செலவு? மசோதா லோக் சபைக்குப் போயிற்று. போன இடத்தில் நிறைவேறாமலே கிடந்தது.

பிறகு மத்திய சர்க்கார் 2016-ல் தன் சொந்த மசோதாவைக் கொண்டுவந்தது. அது கமிட்டிக்குப் போய், 2018 டிசம்பரில் லோக் சபையில் நிறைவேறி, சபை கலைந்தபோது செத்து, 2019-ல் மறுபடியும் பிறந்தது. அவ்வருஷம் ஆகஸ்டு 5-ந் தேதி, காஷ்மீர் சமாசாரத்தைத் தவிர வேறெதையும் தேசம் கவனிக்காதிருந்த அன்றைக்கு, லோக் சபை அதை நிறைவேற்றியது. அதில் 2 சதவீதமும் இல்லை; வேறு எந்தச் சதவீதமும் இல்லை. தன் பாலைத் தானே சொல்லிக்கொள்ளலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்க, இந்தச் சட்டமோ ஜில்லா மாஜிஸ்திரேட்டிடம் போய்ச் சர்டிபிகேட்டு வாங்கச் சொல்லிற்று. அதை ஆண் என்றோ பெண் என்றோ மாற்ற வேண்டுமானால், ஆபரேஷன் நடந்ததற்கு வைத்திய அதிகாரியின் சீட்டு வேண்டும் என்றது.

தண்டனையைக் கேளுங்கள். ஒரு ஸ்திரீயைக் கற்பழித்தவனுக்குக் குறைந்தது 10 வருஷச் சிறை என்று 2018-லேயே சட்டம் ஆகியிருந்தது. ஒரு திருநங்கையைப் பலாத்காரம் செய்தவனுக்கு இந்த 2019 சட்டம் விதித்தது 6 மாதம் முதல் 2 வருஷம் வரையில்தான். இந்த 2 வருஷக் கணக்குக்கு ஒரு பழைய சரித்திரம் உண்டு. 1871-ல் வெள்ளைக்கார சர்க்கார் செய்த குற்றப்பரம்பரைச் சட்டத்தில், இத்தகையவர்களின் பெயரை ரிஜிஸ்தரில் பதியவும், பதியப்பட்டவர் பெண் உடையில் பொது இடத்தில் தோன்றினால் 2 வருஷம் வரை சிறையில் போடவும் இடம் வைத்திருந்தார்கள். அன்று சேலை கட்டியதற்கு இருந்த உச்சத் தண்டனை, இன்று சேலை கட்டியவரைக் கெடுத்தவனுக்கு உச்சத் தண்டனையாயிற்று! மாஜிஸ்திரேட்டு ஆபீசுக்குப் போய்ப் பெயர் பதியச் சொன்னால் அவர்கள் ஏன் அஞ்சுகிறார்கள் என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

இம்மசோதாவை ஒரு செலக்டுக் கமிட்டிக்காவது அனுப்பி, சம்பந்தப்பட்டவர்களைக் கேட்டுத் திருத்துங்கள் என்று 2019 நவம்பர் 26-ந் தேதி ராஜ்ய சபையில் சிவா அவர்கள் பிரேரேபித்தார். அது அரசியல் சட்டம் ஏற்கப்பட்டு 70 வருஷம் நிறைந்த நாள். இந்தத் தடவை ஓட்டை எண்ணினார்கள். ஆதரவாக 55, எதிராக 74. இரண்டையும் கூட்டினால் 129 ஆகிறது. சபையின் மொத்த ஸ்தானம் 245. சில ஸ்தானம் காலியாயிருந்திருக்கலாம். சிலருக்குக் காய்ச்சலும் இருந்திருக்கலாம். ஆனால் நூற்றுக்கு மேற்பட்ட ஸ்தானங்களிலிருந்து இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஒரு ஓட்டும் விழவில்லை என்றால், நாலு வருஷத்துக்கு முந்திய ஏகமனது என்னவாயிற்று என்று கேட்க நமக்கு உரிமையில்லையா? பிரேரணைக்கு எதிராயிருந்தவர்கள் 74 பேர்தான். வராதவர்களில் ஒரு இருபது பேர் வந்து ஆதரித்திருந்தால் கணக்கு மாறியிருக்கும்.

சரி, டில்லிக்காரர்களைத்தான் பேசுவீர்களோ என்று கேட்பீர்கள். நம் வீட்டுக் கணக்கையும் பார்ப்போம். இந்தியாவிலேயே முதன்முதலாக இவர்களுக்கு நலவாரியம் ஏற்பட்டது தமிழ்நாட்டில்தான், 2008-ல். ஆபரேஷனுக்கு சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவச வசதி ஏற்பட்டதும் இங்கேதான். பழைய வசைச் சொற்களைத் தள்ளிவிட்டுத் திருநங்கை என்ற சொல்லை சர்க்கார் காகிதத்தில் ஏற்றியதும் சிறிய காரியமல்ல. ஆனால் அதே தமிழ்நாட்டில் பிரித்திகா யாஷினி என்பவர் போலீஸ் சப் இன்ஸ்பெக்டர் வேலைக்கு மனுப் போட்டபோது, ஆண், பெண் என்ற இரண்டில் எதிலும் அடங்கவில்லை என்று மனு தள்ளப்பட்டது. அதற்கு ஒரு தடவை ஹைகோர்ட்டு. ஓட்டப் பந்தயத்தில் ஒரு வினாடி சொச்சம் பிந்தினார் என்றதற்கு இன்னொரு தடவை ஹைகோர்ட்டு. 2015-ல் தீர்ப்பு வாங்கி, 2017-ல் வேலைக்குச் சேர்ந்தார். எந்தக் கட்சி ஆண்ட காலம் என்பது நமக்கு முக்கியமல்ல. வாரியம் வைத்த ராஜ்யத்தில் வேலைக்கு மட்டும் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டியிருந்தது.

இடஒதுக்கீட்டையும் பாருங்கள். 2015-ல் இவர்களை மிகவும் பிற்பட்ட வகுப்பில் சேர்த்தார்கள். அவ்வளவும் நல்லதுதான். ஆனால் திருநங்கை என்பது ஒரு ஜாதியா? எல்லா ஜாதியிலும் பிறக்கிறார்கள். எல்லா ஜாதிக்காரரும் வீட்டைவிட்டுத் துரத்துகிறார்கள். வகுப்புவாரி உரிமையின் நியாயம் தெரிந்த நம்மவர்களுக்கு இது விளங்காமற் போவதேன்? எத்தனையோ ஜாதிகள் 20 சதவீதத்துக்குப் போட்டியிடும் வரிசையின் கடைசியில் நிறுத்தாமல், ஒவ்வொரு வகுப்பின் பங்குக்குள்ளும் இவர்களுக்கென்று ஒரு பங்கு வைக்க வேண்டும் என்பதே அவர்கள் கேட்பது. கர்நாடகம் 2021-ல் 1 சதவீதம் அப்படி வைத்தது. சென்னை ஹைகோர்ட்டும் 2024-ல் இங்கு அவ்விதமே செய்யும்படி சொல்லிற்று.

இவ்வளவுக்கும் காரணம் கெட்ட எண்ணம் என்று நாம் நினைக்கவில்லை, எண்ணிக்கைதான். 2011 ஜனக்கணக்கில் ஆண், பெண் அல்லாதவர் என்று பதியப்பட்டவர்கள் தேசம் முழுவதும் 4,87,803 பேர். தமிழ்நாட்டில் 22,364 பேர். இதை 234 தொகுதிக்குப் பங்கிட்டால் தொகுதிக்கு நூறு பேர்கூடத் தேறமாட்டார்கள். அந்த நூறிலும் குழந்தைகள் உண்டு. வாடகை வீடு கிடைக்காமல் ஊர் ஊராய்ப் போவதால் ஓட்டர் ஜாபிதாவில் பெயரில்லாதவர்களும் உண்டு. நூறு ஓட்டுக்காக எந்தக் கட்சி தன் அங்கத்தினரைச் சபையில் பிடித்து உட்கார வைக்கும்?

ஆகையால் நாம் கேட்டுக்கொள்வது இதுதான். அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு வருகிறவரை இரண்டு கேள்வி கேளுங்கள். 2019 நவம்பர் 26-ந் தேதி உமது கட்சி எந்தப் பக்கம் ஓட்டுச் செய்தது? 2024 தீர்ப்பின்படி ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் பங்கு வைப்பதற்கு உமது கட்சி என்ன செய்தது? இதற்குப் பதிலாக அவர், உம்முடைய தெருவில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்டால், உங்கள் வீட்டிலுள்ள ஓட்டு அத்தனையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.